நாய்க்கு எந்த எலும்பு கொடுக்கலாம்? ஒரு கறிக்கடைக்காரர் சொல்வது

பாளையங்கோட்டையில் எங்கள் ஆட்டுக்கறிக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களில் நாலில் ஒருவராவது, கறிப் பையை வாங்கும்போது, "அண்ணாச்சி, நாய்க்குக் கொஞ்சம் எலும்பு போட்டு விடுங்க" என்பார். அப்பா காலத்திலிருந்தே அதற்குக் காசு வாங்குவதில்லை. கட்டைக்கு அடியில் ஒரு வாளி இருக்கும். அதிலிருந்து கையில் அகப்பட்டதை அள்ளிப் போடுவோம். நானும் வருடக்கணக்காக அப்படித்தான் போட்டேன். இப்போது எலும்பு கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேட்கிறேன். நாய்க்கு என்ன வயது? எத்தனை கிலோ இருக்கும்? கொடுத்ததை மென்று தின்னுமா, அப்படியே விழுங்குமா? பின்னால் நிற்கிறவர்கள் அவசரப்படுவார்கள். இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன். அதற்குக் காரணம் செவலை.

செவலை எங்கள் வீட்டில் வளர்ந்த சிப்பிப்பாறை. கோவில்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து குட்டியாகக் கொண்டுவந்தது. ஒரு நாள் மாலை, சாப்ஸ் வெட்டியதில் மிஞ்சிய விலா எலும்புத் துண்டுகளை அதன் தட்டில் போட்டேன். பச்சை எலும்புதானே, என்ன செய்துவிடப் போகிறது என்ற நம்பிக்கை. இரண்டு நிமிடத்தில் முன்னங்காலால் வாயைப் பிறாண்ட ஆரம்பித்தது. வாயை மூட முடியவில்லை. எச்சில் நூல் நூலாக ஒழுகியது. மகள் டார்ச் அடிக்க, மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். கட்டைவிரல் நீளத் துண்டு ஒன்று மேலண்ணத்தில் குறுக்கே, இந்தப் பக்கக் கடைவாய்ப் பல்லுக்கும் அந்தப் பக்கக் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் பாலம் போட்ட மாதிரி இறுகி நின்றது. விரலை விட்டு இழுத்தேன். அசையவில்லை. வலியில் அது தலையை உதறியதில் என் விரல் கிழிந்ததுதான் மிச்சம். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். மயக்க ஊசி போட்டு, இடுக்கியால் நெம்பி எடுத்தார். எடுத்த துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். அதன் இரண்டு முனையும் என் கத்தி வெட்டிய முனைகள். ஒரு பக்கம் வழவழவென்று இருந்தது, மறுபக்கம் ஊசி மாதிரி சிலாம்பு நீட்டிக்கொண்டிருந்தது.

கறிக்கு வெட்டுகிற அளவுதான் நாய்க்கு ஆக மோசமான அளவு என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. குழம்பில் போட்டு, விரலில் எடுத்துச் சப்புவதற்கு ஏற்ற மாதிரி நாங்கள் வெட்டுகிறோம். அந்த ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலத் துண்டு நடுத்தர நாயின் வாய்க்குள் சரியாகப் போய் உட்காரும். தொண்டையிலும் போய் உட்காரும். கத்தியை ஓங்கிப் போடும்போது எலும்பு அறுபடுவதில்லை, பிளக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் கூர் இருக்கும். உங்களுக்கு நான் ஓசியாகக் கொடுத்த வாளி எலும்பு முழுவதும் இப்படிப்பட்டதுதான். இதை ஒரு கறிக்கடைக்காரனே சொன்னால்தான் நம்புவீர்கள் என்று எழுதுகிறேன்.

ஆகவே முதல் விஷயம்: நாய்க்கு வேண்டியதை வெட்டுவதற்கு முன்பே கேளுங்கள். "கழுத்தை முழுசா, துண்டு போடாம கொடுங்க" என்று சொன்னால் எந்தக் கடையிலும் கொடுப்பார்கள். காசு கொடுத்தே வாங்குங்கள், பரவாயில்லை. கழுத்தில் எலும்பு கணுக்கணுவாகக் கோத்திருக்கும், நடுவில் குருத்தும் சதையும் இருக்கும். நாய் அதை விழுங்க முடியாது, கொறித்துத்தான் ஆக வேண்டும். இருபது கிலோவுக்கு மேல் உள்ள, நிதானமாக மெல்லும் நாய்க்கு நான் தேர்ந்தெடுப்பது இதுதான். அடுத்தது நெஞ்செலும்பு. அதன் நுனி முழுக்கக் குருத்தெலும்பு, மெத்தென்று இருக்கும். அதையும் உள்ளங்கை நீளத்துக்குக் குறையாமல் ஒரே துண்டாக வாங்குங்கள். அளவுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். நாயின் மூக்கு நுனியிலிருந்து கண் வரை எவ்வளவு நீளமோ, அதைவிட எலும்பு நீளமாக இருக்கட்டும். முழுசாக வாய்க்குள் போகிற எதுவும் வேண்டாம்.

தொடை எலும்பு, முன்னங்கால் எலும்பு இரண்டும் வேண்டாம். ஆட்டின் மொத்த பாரத்தையும் தாங்கிய எலும்பு அது, பல்லையே உடைக்கிற அளவுக்குக் கெட்டி. நாயின் பல்லைப் பார்த்தால் நம் பல்லைவிட வலுவாகத் தெரியும். ஆனால் அதன் மேலுள்ள எனாமல் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, நம்முடையதைவிட மெல்லிசு. மேல்தாடையில் பின்பக்கம் கத்தரிக்கோல் மாதிரி ஒரு பெரிய பல் உண்டு. நாய் எலும்பைக் கடைவாயில் ஒதுக்கிக் கடிப்பது அதில்தான். கெட்டியான எலும்பைக் கடித்தால் அதன் வெளிப்பக்கம் சில்லாகப் பெயர்ந்துவிடும். நாய் வலியை வெளியே காட்டாது, சாப்பாட்டையும் நிறுத்தாது. மாதக்கணக்கில் நமக்குத் தெரியவே தெரியாது. ஒரு நாள் கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கி நிற்கும், வேரில் சீழ் பிடித்திருக்கும். மாதம் ஒரு தடவையாவது உதட்டைத் தூக்கி அந்தப் பல்லைப் பாருங்கள். நடுவில் இளஞ்சிவப்பாகவோ கருப்பாகவோ புள்ளி தெரிந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சப்பை எலும்பு தட்டையாக, பார்க்க அழகாக இருக்கும். கடித்தால் ஓரம் தகடு தகடாக உடையும், கொடுக்காதீர்கள். மாட்டு நல்லியை மெஷினில் வளையம் வளையமாக அறுத்துச் சில கடைகளில் நாய்க்கென்றே விற்கிறார்கள். நாய் உள்ளே இருக்கும் மஜ்ஜையை நக்கும்போது வளையம் கீழ்த்தாடையில் ஏறி, கோரைப் பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். அப்புறம் மயக்கம் கொடுத்து அந்த வளையத்தை அறுத்துத்தான் எடுக்க முடியும். மஜ்ஜை முழுக்கக் கொழுப்பு வேறு. கொழுப்பு ஒரேயடியாகச் சேர்ந்தால் நாய்க்குக் கணையம் வீங்கும். வாந்தியும் வயிற்று வலியுமாகச் சுருண்டு படுத்துவிடும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

சரி, சமைத்த எலும்பு? எந்தச் சமைத்த எலும்பும் வேண்டாம். பச்சை எலும்பில் ஈரமும் ஒரு நெகிழ்ச்சியும் இருக்கும். சூடு பட்டதும் அது காய்ந்து மொறுமொறுப்பாகி, கடித்தால் நீளவாக்கில் சிலாம்பாகப் பிளக்கும். கோழிக்கால் எலும்பு உள்ளே குழல் என்பதால் இன்னும் மோசம். பிரியாணி எலும்பில் இன்னொரு விஷமும் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மசாலா ஊறிய எலும்பைக் கழுவிக் கொடுத்தாலும் அது போகாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இலையை மடக்கி நாய்க்கு வைக்கிற பழக்கம் நம் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. பாசத்தில்தான் வைக்கிறோம். அந்த இலையில் எலும்பு இருந்தால் தயவுசெய்து பொறுக்கி எடுத்துவிடுங்கள். "குக்கரில் வைத்தால் பஞ்சு மாதிரி ஆகிவிடுமே" என்று கேட்பார்கள். நாலு விசிலுக்கு ஆட்டெலும்பு பஞ்சாகாது. மேலே மெத்தென்று தெரியும், உள்ளே கெட்டியாகவே இருக்கும். குக்கரில் வைத்தே ஆக வேண்டும் என்றால் உப்பும் வெங்காயமும் போடாமல் வேகவைத்து, எலும்பை வடித்து எறிந்துவிட்டு, சாறை ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். மேலே உறையும் கொழுப்பை வழித்துவிட்டுச் சோற்றில் ஊற்றுங்கள். எலும்பு கொடுக்கக் கூடாத நாய்களுக்கு இதைவிட நல்லது கிடையாது.

கடைகளில் பாக்கெட்டில் வரும் சுட்ட எலும்பு, புகையில் வாட்டிய எலும்பும் சமைத்த எலும்புதான். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் இந்தப் பாக்கெட் எலும்புகளைப் பற்றித் தனியாகவே எச்சரிக்கை வெளியிட்டது. தொண்டை அடைப்பு, குடல் அடைப்பு, வாய்ப்புண் என்று புகார்கள் வந்ததாகவும் சில நாய்கள் இறந்ததாகவும் சொன்னது.

பச்சை எலும்பு என்றால் ஆபத்தே இல்லை என்றும் அர்த்தமில்லை. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பச்சைக் கறியில் இருக்கும். ஃப்ரீசரில் வைத்தால் அவை சாகாது, தூங்கும், அவ்வளவுதான். நாய் தாங்கிக்கொள்ளலாம். அதன் வாயை முத்தமிடுகிற கைக்குழந்தை தாங்காது. வீட்டில் சின்னக் குழந்தைகளோ, வயதானவர்களோ, கீமோ சிகிச்சையில் இருப்பவர்களோ இருந்தால் பச்சை எலும்பே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கோழிக் கழுத்தைப் பச்சையாகப் போடுவது இப்போது பரவி வருகிறது. பச்சைக் கோழி தின்னும் நாய்களுக்குக் கால்கள் துவண்டுபோகும் ஒரு வாத நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகம் 2018-இல் ஓர் ஆய்வில் சொன்னது. கோழியில் இருக்கும் கேம்பிலோபாக்டர் கிருமியைத்தான் காரணமாகச் சந்தேகிக்கிறார்கள்.

இனி சொல்லப் போவது எங்கள் கட்டையில் கண்ணால் பார்க்கிற சங்கதி. ஆட்டை உரித்து ஈரலையும் நுரையீரலையும் எடுக்கும்போது சிலவற்றில் வெள்ளையாக, உள்ளே தண்ணீர் நிரம்பிய கட்டிகள் இருக்கும். பட்டாணி அளவிலும் இருக்கும், எலுமிச்சை அளவிலும் இருக்கும். நாடாப்புழு ஒன்றின் குஞ்சுகள் அதற்குள் இருக்கலாம். அதைப் பச்சையாகத் தின்றால் நாயின் குடலில் புழு வளரும், அதன் மலத்தில் முட்டை வெளிவரும். அந்த முட்டை நம் கை வழியாக வாய்க்குப் போனால், ஆட்டுக்கு வந்த அதே நீர்க்கட்டி நம் ஈரலிலும் நுரையீரலிலும் வரும். ஆபரேஷன் வரைக்கும் கொண்டுபோகிற நோய் அது. கட்டி உள்ள உறுப்பை நான் யாருக்கும் கொடுப்பதில்லை, ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கிறேன். ஆனால் எல்லாக் கடையிலும் அப்படிச் செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆகவே ஈரல், நுரையீரல், குடல் எதுவாக இருந்தாலும் நன்றாக வேகவைத்தே நாய்க்குக் கொடுங்கள். பூச்சி மருந்தில் நாடாப்புழுவுக்கான பிராசிகுவாண்டல் இருக்கிறதா என்றும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட் ஷாப்பில் வாங்குகிறவர்களுக்கு

அங்கே தொங்குகிற வெள்ளை எலும்பு எலும்பே இல்லை. மாட்டுத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரை நீக்கி, உள்பக்கத் தோலைப் பிரித்து, வெளுக்க வைத்து, முடிச்சுப் போட்டுக் காயவைத்தது. மன்ச்சி ஸ்டிக் என்று கட்டுக்கட்டாக விற்கும் குச்சிகளிலும் பெரும்பாலும் இந்தத் தோல்தான். நான் ஒரு குச்சியை டம்ளர் தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தேன். காலையில் சுண்டுவிரல் தடிமன் கட்டைவிரல் தடிமனாக ஊதியிருந்தது. பிய்த்தால் பிய்யவில்லை, கோந்து மாதிரி வழுக்கியது, தண்ணீர் சிவப்பாகியிருந்தது. நாய் இதைப் பாதி மென்று பாதி விழுங்கினால் வயிற்றுக்குள் இப்படித்தான் கிடக்கும் என்று நினைத்ததும் மீதிக் கட்டைக் குப்பையில் போட்டேன்.

கெட்டித்தன்மைக்கு ஒரு சோதனை உண்டு, கடையில் நின்றபடியே செய்யலாம். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். சற்றாவது பதிய வேண்டும். பதியவே இல்லை என்றால் பல்லுக்கு ஆகாது. மாட்டுக் குளம்பு, கெட்டி நைலான், மான்கொம்பு எல்லாம் இதில் தோற்றுவிடும். நம் நாட்டு மான்களின் கொம்பை விற்பதும் வாங்குவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நேபாளத்துப் பாலில் செய்யும் சுர்பிக் கட்டி நல்ல பொருள்தான், செரிக்கவும் செய்யும். ஆனால் அதுவும் கல் மாதிரி. வெறிகொண்டு கடிக்கும் நாய்க்கு வேண்டாம், நக்கி நக்கிக் கரைக்கும் நாய்க்குக் கொடுக்கலாம். கடைசியில் மிஞ்சும் சின்னத் துண்டை எடுத்துவிட வேண்டும். மைக்ரோவேவில் சில நொடி வைத்தால் பொரி மாதிரி உப்பும், நன்றாக ஆறவைத்து அதைக் கொடுக்கலாம்.

பாக்கெட்டில் என்ன பொருள்கள் சேர்ந்திருக்கின்றன என்று எழுதியிருக்கிறதா, தயாரித்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். சைலிடால் என்ற இனிப்பு நாய்க்கு விஷம், வேர்க்கடலை வெண்ணெய் சிலவற்றிலும் அது இருக்கும். பல்லுக்கு நல்லது என்று விற்கும் சில பாக்கெட்டுகளில் விஓஎச்சி (VOHC) என்ற முத்திரை இருக்கும். அமெரிக்காவில் கால்நடைப் பல் மருத்துவர்கள் நடத்தும் குழு கொடுப்பது. பல்லில் காரை படிவதைக் குறைக்கிறது என்று நிரூபித்த பொருளுக்குத்தான் கிடைக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது கருப்பட்டி என்று ஒரு நாட்டு நாய் இருக்கிறது. அது அதிகம் மெல்லுவது எலும்பே இல்லை. சர்க்கரைவள்ளிக் கிழங்கை நீளவாக்கில் அரை விரல் தடிமனுக்கு வகுந்து, அரைவேக்காடாக ஆவியில் வேகவைத்து, வெள்ளைத் துணி மூடி மொட்டைமாடியில் காயப்போடுவோம். சித்திரை வெயிலில் இரண்டு நாளில் தோல் மாதிரி வளையும் பதத்துக்கு வந்துவிடும். ஒடிகிற அளவுக்குக் காயவிடக் கூடாது. அப்புறம், உள்ளே குழிவான ரப்பர் பொம்மை ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். தாளிக்காத தயிர்ச் சோற்றை அதில் அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் அரை மணி நேரம் நக்கிக்கொண்டே கிடக்கும். நாலு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை குட்டிக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும், ஈறு ஊறும், அகப்பட்டதையெல்லாம் கடிக்கும். அதற்கும் எலும்பு வேண்டாம். பழைய துண்டை நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்து, பக்கத்தில் இருந்தபடி கடிக்கக் கொடுத்தால் போதும். தீனியாகக் கொடுப்பது எல்லாம் சேர்த்து அன்றைய சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சமையலறையிலிருந்து போகக் கூடாதவை மூன்று: மாங்கொட்டை, மக்காச்சோளக் கட்டை, தேங்காய்ச் சிரட்டை. மாங்கொட்டை வழுக்கிக்கொண்டு உள்ளே போய்க் குடலை அடைத்துவிடும். மாம்பழக் காலத்தில் குப்பைக் கூடையை மூடியே வையுங்கள்.

கொடுக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். நான் பதினைந்து நிமிடத்துக்குப் போனில் அலாரம் வைக்கிறேன். வாரம் ஒரு தடவைக்கு மேல் கிடையாது. அதற்கு மேல் போனால் மலம் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்து இறுகும். இரண்டு நாய் இருந்தால் தனித்தனி அறையில் கொடுங்கள், எலும்புக்காக உயிர்ச் சிநேகிதங்களும் சண்டை போடும். பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த தடவை அவசரமாக விழுங்கக் கற்றுக்கொள்ளும். வேகவைத்த ஈரல் துண்டை மூக்கருகே காட்டினால் தானே எலும்பைக் கீழே போடும், அப்போது எடுத்துக்கொள்ளுங்கள். லேப்ரடார் போல அவசரமாக விழுங்கும் நாய், மூக்கு சப்பையான பக், பல் தேய்ந்த கிழ நாய், முன்பு கணைய வீக்கம் வந்த நாய் என்றால் எந்த எலும்பும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். சிலருக்குக் கோபம் வரும். உங்கள் டாக்டர் எலும்பே வேண்டாம் என்றால் என் பேச்சைவிட அவர் பேச்சைக் கேளுங்கள்.

தொண்டையில் அடைத்து மூச்சுத் திணறி, ஈறு நீலமானால் ஒரு நொடியும் காத்திருக்க முடியாது. வாயைத் திறந்து, கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போகும். சின்ன நாயைப் பின்னங்காலைத் தூக்கித் தலைகீழாகப் பிடியுங்கள். பெரிய நாய் என்றால் பின்னாலிருந்து அணைத்து, கடைசி விலாவுக்குக் கீழே வயிற்றில் கையைக் கோத்து, முன்னும் மேலுமாக நாலைந்து தடவை வெடுக்கென்று அழுத்துங்கள். வெளியே வந்துவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். சமைத்த எலும்பை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கூர் முனை திரும்பி வரும்போது தொண்டையைக் கிழிக்கும். எண்ணெயோ உப்புத் தண்ணீரோ ஊற்ற வேண்டாம். டாக்டருக்குப் போன் செய்துவிட்டு இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். வாந்தி, சாப்பாட்டில் வெறுப்பு, முக்கியும் மலம் வராமை, தார் மாதிரிக் கருப்பு மலம், முன்காலை நீட்டிப் பின்புறத்தைத் தூக்கியபடியே நிற்பது, இதில் எது தெரிந்தாலும் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ராமையன்பட்டி அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்கள் ஊரில் ராத்திரி எந்த டாக்டர் போனை எடுப்பார் என்று இன்றைக்கே விசாரித்து எண்ணைச் சேமித்து வையுங்கள்.

கருப்பட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை கடை சாத்திய பிறகு, கொல்லையில் சிமெண்ட் தரையில், கழுத்தெலும்பு ஒன்று. அலாரம் அடித்ததும் ஈரல் துண்டைக் கொடுத்து எலும்பை வாங்கிக்கொள்வேன். தரையை சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, கையைக் கழுவிவிட்டு, மிச்ச எலும்பை இரண்டு பைக்குள் போட்டு இறுக முடிச்சுப் போடுவேன். அப்படியே தெருவில் போட்டால் தெருநாய்கள் பையோடு சேர்த்துத் தின்றுவிடும். குப்பை வண்டி வரும் வரை அது ஃப்ரீசரின் கீழ்த்தட்டில் இருக்கும்.